ஆணை போகும் கம்பி, ஒலி போகும் கம்பி

செஞ்சிக் கோட்டையில் கல்யாண மகாலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மதிலுக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் வந்து அந்த மகாலின் மாடிவரை ஏறியிருக்கிறது. அதே கோட்டையின் ராஜகிரி மலை உச்சியிலிருந்து கீழ்வாசல் காவலுக்கு ஆள் விட்டுச் சொல்லும் உத்தரவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குழாயில் வருவது தண்ணீரேதான். உத்தரவில் போவது சொல் மட்டும். கீழே இருப்பவர் கேட்டு நடந்தால்தான் கதவு திறக்கும்.

வீட்டு மாடி அறையில் ஒரு கீபோர்டு, ஒரு மைக், லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு பதிவு செய்ய நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மேசைக்குப் பின்னால் கிடக்கும் கம்பிகளில் சில தண்ணீர்க் குழாய்கள். அவற்றில் ஒலி மின்னோட்டமாக ஓடுகிறது. சில உத்தரவு கொண்டுபோகும் ஆட்கள். அந்த உத்தரவு மொழியின் பெயர்தான் மிடி.

1981-இல் அமெரிக்கரான டேவ் ஸ்மித் இதற்கான முன்மொழிவை வைத்தார். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுடாரோ ககேஹாஷியும் இதற்குப் பாடுபட்டார். 1983 ஜனவரியில் இரண்டு வேறு நிறுவனங்களின் கீபோர்டுகளை ஒரே கம்பியால் இணைத்து, ஒன்றை அழுத்த மற்றொன்று ஒலிப்பதைக் காட்டினார்கள். போட்டி நிறுவனங்கள் ஒரே மொழிக்கு ஒத்துக்கொண்டதன் பலனைத் தமிழ்நாடு சீக்கிரமே அனுபவித்தது. 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்கட்டில் ஏ.ஆர்.ரஹ்மான் அமைத்த பஞ்சதன் கூடத்திலிருந்துதான் 1992-இல் 'ரோஜா'வின் ஓசை வந்தது. வீட்டோடு ஒட்டிய ஓர் அறை போதும் என்று நமக்குக் காட்டியது அதுதான் என்பேன்.

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் மிடி கம்பியில் போவது மூன்று எண்கள்: எந்தச் சேனலில் (எந்தக் கருவிக்கான தடத்தில்) ஒலிக்க வேண்டும், எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம். சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண். நடு ஸ்தாயியின் ஒரு கட்டை என்று ஆர்மோனியக்காரர்கள் சொல்வது 60. இரண்டு கட்டை 62, ஐந்து கட்டை 67, ஐந்தரை 68. விரலை எடுத்ததும் இன்னொரு உத்தரவு போகும்: நிறுத்து. இந்த 'நிறுத்து' வழியில் தொலைந்துபோனால் சுரம் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். கருவி கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். எல்லாச் சுரத்தையும் நிறுத்தச் சொல்லும் பொத்தான் மென்பொருளில் இருக்கிறது. நொடிக்கு 31,250 பிட் வேகத்தில், ஓர் உத்தரவு போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகும். 1983-இன் வேகம்தான், இன்றைக்கும் விரலுக்குப் போதுமானதாக இருக்கிறது.

இணைப்பு முறை எளிது. அனுப்பும் கருவியின் 'அவுட்' துளையிலிருந்து கேட்கும் கருவியின் 'இன்' துளைக்கு. 'த்ரூ' என்ற மூன்றாவது துளை, வந்த உத்தரவை அப்படியே அடுத்த கருவிக்குக் கைமாற்றிவிடும். புதியவர்கள் இன்னில் இன்னைச் செருகிவிட்டு ஏன் சத்தமே வரவில்லை என்று மணிக்கணக்கில் தேடுவதுண்டு. இன்னொரு தொல்லை, ஒரே சுரம் இரட்டையாகக் கேட்பது. கீபோர்டு தன் விரலுக்கும் ஒலிக்கிறது, லேப்டாப் திருப்பி அனுப்பும் உத்தரவுக்கும் ஒலிக்கிறது. கீபோர்டின் அமைப்பில் 'லோக்கல்' என்பதை அணைத்தால் சரியாகிவிடும்.

எனக்கு மிடியில் மிகவும் பிடித்தது அதன் ஐந்து பின் இணைப்புக்குள் இருக்கும் ஒரு முன்யோசனை. கேட்கும் கருவிக்குள் மின்சாரம் நேராக நுழைவதில்லை. வாசலில் ஒரு சின்ன விளக்கு மினுக்குகிறது. உள்ளே ஓர் ஒளியுணரி அதைப் பார்த்துப் புரிந்துகொள்கிறது. இரண்டு கருவிகளுக்கும் நடுவே வெளிச்சம் மட்டுமே. எதற்காக இவ்வளவு? நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. இரண்டு கருவிகளின் எர்த் இரண்டு வழிகளில் இணைந்துவிட்டால் அந்த அலைவு ஒலிக்கம்பியில் ஏறி 'ம்ம்ம்' என்று இரையும். அந்த 50, ஐந்து கட்டைச் சட்ஜத்துக்கு மூன்று ஸ்தாயி கீழே உள்ள சட்ஜத்தின் பக்கத்தில், அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு தூக்கலாக நிற்கிறது. ஐந்து கட்டையில் பாடுபவருக்கு அடியில் சுருதி சேராத தம்பூரா ஒன்று ஓயாமல் மீட்டுவது போல இருக்கும். இன்றைய யு.எஸ்.பி. கம்பிகளில் பொதுவாக அந்த விளக்குத் தடுப்பு இல்லை, எர்த் நேராக இணைகிறது. அதனால்தான் லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் இரைச்சல் வருகிறது. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மின்சாரம் கொடுங்கள். அப்படியும் போகாவிட்டால் நடுவில் மின்மாற்றி உள்ள டி.ஐ. பாக்ஸ் வையுங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். மைக்கில் உதடு வைத்துப் பாடுகிறவரின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது.

ஒலிக்கம்பிகளில், மைக்கிலிருந்து வரும் மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். கம்பி நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது. ஒரே ஒலியை ஒரு இழையில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் அனுப்புகிறார்கள். வழியில் ஒட்டும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போய், பாட்டு இரட்டிப்பாகிறது. கீபோர்டின் ஒலி மைக்கைவிடப் பல மடங்கு பலமானது. அதை மைக் துளையில் செருகினால் ஒலி சிதறும். 'லைன்' துளைதான் அதன் இடம்.

ஹெட்ஃபோனில் தன் குரல் தாமதமாகக் கேட்கிறது என்று பாடுகிறவர் சொன்னால் நம்புங்கள். லேப்டாப் ஒலியைச் சிறு மூட்டைகளாகக் கட்டித்தான் கையாள்கிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும்போது 256 மாதிரிகள் கொண்ட மூட்டை நிரம்ப 6 மில்லிநொடி ஆகும்; காற்றில் ஒலி அந்த நேரத்தில் இரண்டு மீட்டர் போகும். தெருக்கூத்தில் மத்தளக்காரர் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கூத்தாடிக்கு ஒரு சிரமமும் இல்லை. 1,024 மாதிரி வைத்தால் எட்டு மீட்டர். உள்ளே போக ஒருமுறை, வெளியே வர ஒருமுறை என்பதால் பாடகர் இதில் இரட்டிப்பைச் சுமக்கிறார். பதிவின்போது மூட்டையைச் சிறிதாக்குங்கள். கலவை செய்யும்போது பெரிதாக்கிக்கொள்ளலாம்.

இதெல்லாம் செஞ்சியில் எதற்கு? மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலைச் சுற்றிய இந்த மண் தெருக்கூத்தின் மண். முகவீணை, மத்தளம், ஆர்மோனியம், தாளம், பின்பாட்டு என்று விடிய விடிய நடக்கும் அந்த இசையைப் பதிவு செய்யும்போது எதை உத்தரவாகவும் எதை ஒலியாகவும் எடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். சுருதியையும் தாள வழிகாட்டியையும் மிடியில் வைக்கலாம். ஆர்மோனியத்துக்குப் பதில் கீபோர்டு வாசித்தாலும் தாங்கும். ஊதுகருவியான முகவீணையை அப்படிச் செய்ய முடியாது. மிடியில் சுரத்தை வளைக்க 16,384 படிகள் உண்டு. பெரும்பாலும் மேலே ஒரு முழுக் கட்டை, கீழே ஒரு முழுக் கட்டை என்ற எல்லைக்குள். ஆனால் சாதாரண மிடியில் ஒரு சுரத்தை வளைத்தால் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரமும் சேர்ந்து வளையும். ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் தரும் எம்.பி.இ. முறை 2018-இல்தான் ஏற்கப்பட்டது. அதிலும் சீவாளியில் உதடு இறுகித் தளரும்போது நிறமும் பலமும் சேர்ந்து மாறுவதை எண்களாக்க நிறையப் பாடுபட வேண்டும். முகவீணைக்கு நல்ல மைக் ஒன்றை ஓரிரு அடி தள்ளி வைத்து, மின்விசிறியை அணைத்துவிட்டு, மூச்சோடு பதிவு செய்வதே மரியாதை.

பின்பாட்டுக்காரர் அடுத்த நாள் வந்து, தொண்டை கட்டியிருக்கிறது, ஐந்தரை வேண்டாம், ஐந்திலேயே பாடுகிறேன் என்றால் கீபோர்டு வாசிப்பைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. எல்லாச் சுர எண்ணிலும் ஒன்றைக் கழித்தால் 68 போய் 67 வந்துவிடும். முகவீணைக்காரரை மட்டும் திரும்பக் கூப்பிட வேண்டும்.