செருகு வரிசையாக்கம்

செருகு வரிசையாக்கம் என்பது ஓர் அணியின் உறுப்புகளை ஏறுவரிசையிலோ இறங்குவரிசையிலோ ஒழுங்குபடுத்தும் எளிய படிமுறைத் தீர்வுகளுள் ஒன்றாகும். சீட்டாடுபவர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் உரிய இடத்தில் செருகுவதை இது ஒத்தது. நூலகச் செயற்கூறுகளின் துணையின்றி சி மொழியில் சில வரிகளிலேயே இதனை எழுதிவிடலாம்.

== செயற்பாடு ==
சி மொழியில் அணியின் சுட்டெண் 0 இல் தொடங்குகின்றது. ஏறுவரிசைக்கான படிகள் பின்வருமாறு:

# சுட்டெண் 1 இல் உள்ள உறுப்பிலிருந்து தொடங்குக.
# அவ்வுறுப்பின் மதிப்பை ஒரு தற்காலிக மாறியில் இடுக.
# இடப்பக்கத்து உறுப்பு அம்மதிப்பை விடப் பெரியதாயின், அதனை ஓரிடம் வலப்பக்கம் நகர்த்துக. அவ்வாறு இருக்கும் வரை இடப்பக்கமாகத் தொடர்க.
# பெரிய உறுப்பு இல்லாதபோது, அல்லது அணியின் தொடக்கத்தை அடைந்தபோது, வெற்றிடத்தில் தற்காலிக மதிப்பை இடுக.
# அடுத்த உறுப்பிற்கும் இவ்வாறே செய்க.

== எடுத்துக்காட்டு ==
* தொடக்கம்: 40, 15, 30, 10, 25
* 15 ஐச் செருகியபின்: 15, 40, 30, 10, 25
* 30 ஐச் செருகியபின்: 15, 30, 40, 10, 25
* 10 ஐச் செருகியபின்: 10, 15, 30, 40, 25
* 25 ஐச் செருகியபின்: 10, 15, 25, 30, 40

இதற்கு 9 ஒப்பீடுகளும் 7 நகர்த்தல்களும் தேவைப்பட்டன.

== கவனிக்க வேண்டியவை ==
மூன்றாம் படியின் மடக்கில், சுட்டெண் 0 ஐ விடக் குறையவில்லை என்பதை முதலில் சோதித்து, அதன் பின்னரே உறுப்பை ஒப்பிட வேண்டும். வரிசை மாறினால் அணிக்கு வெளியிலுள்ள நினைவகம் படிக்கப்படும். சி மொழி இப்பிழையைத் தானாகக் கண்டறிந்து நிரலை நிறுத்துவதில்லை. எனவே நிரல் சிலவேளை சரியான விடையைத் தந்து, சிலவேளை தவறக்கூடும்.

ஒப்பீட்டில் "பெரியது" என்றே எழுதுதல் வேண்டும்; "பெரியது அல்லது சமம்" என எழுதினால் நிலைத்தன்மை கெடும். நிலைத்தன்மை என்பது சம மதிப்புடைய உறுப்புகள் தம் முந்தைய வரிசையை இழக்காமல் இருத்தலாகும். எடுத்துக்காட்டாக, அகர வரிசையிலுள்ள மாணவர் பட்டியலை மதிப்பெண்படி அடுக்கும்போது, சம மதிப்பெண் பெற்றோர் தமக்குள் அகர வரிசையிலேயே நிற்பர். சி நூலகத்தின் கியூசார்ட் செயற்கூறுக்குச் சி மொழிச் செந்தரம் இவ்வுறுதியை அளிப்பதில்லை.

== வினைத்திறன் ==
1000 உறுப்புகள் முன்னரே வரிசையில் இருந்தால் 999 ஒப்பீடுகள் போதுமானவை. அவை முற்றிலும் தலைகீழாக இருந்தால் 4,99,500 ஒப்பீடுகள் தேவை. உறுப்புகளின் எண்ணிக்கை இருமடங்கானால் இவ்வேலை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே பெரிய அணிகளுக்கு இம்முறை ஏற்றதன்று.

== பயன்பாடு ==
சிறிய அணிகளுக்கும் ஏறத்தாழ வரிசையிலுள்ள அணிகளுக்கும் இம்முறை விரைவானது. 2002 இல் டிம் பீட்டர்சு பைத்தான் மொழிக்காக உருவாக்கிய டிம்சார்ட், குறுகிய பகுதிகளை அடுக்கச் செருகு வரிசையாக்கத்தின் ஒரு வடிவத்தையே பயன்படுத்துகின்றது.

== இவற்றையும் பார்க்கவும் ==
* குமிழி வரிசையாக்கம்
* தெரிவு வரிசையாக்கம்