சயனைடு மேடு

சுரங்கக் கழிவு மணல்
கோலார் தங்கவயல், 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 2001 வரை

எதிரே தெரிவது இயற்கையான குன்றன்று. சுரங்கத்திலிருந்து ஏற்றிய பாறையை மில்லில் மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய மணல் இது. ஒரு டன் பாறையில் கிடைத்த தங்கம் மிகச் சிறிதளவுதான். மிச்சமெல்லாம் இங்கே வந்து சேர்ந்தது. இப்படி 13 மேடுகளில் 3 கோடி டன்னுக்கும் மேல் குவிந்திருக்கிறது. வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் ஊருக்கு இதுதான் அடையாளம்.

சயனைடு வெயிலில் மெல்லச் சிதைந்துவிடும். மணலிலுள்ள ஆர்சனிக் போன்றவை அப்படிச் சிதைவதில்லை. கோடைக் காற்றில் நுண்தூள் தொழிலாளர்களின் லைன் வீடுகள் வரை பறக்கிறது; மழை மணலை ஓடைக்கு அரித்துச் செல்கிறது.

இத்தகைய மேட்டைப் பாதுகாப்பாக மூட, சரிவைத் தணித்து, மழைநீருக்கு வடிகால் அமைத்து, நல்ல மண் போர்த்திச் செடி வளர்க்க வேண்டும். ஜெர்மனியின் விஸ்முட் யுரேனியச் சுரங்கக் கழிவுகளை 1991 முதல் ஏறக்குறைய இவ்வாறே மூடி வருகிறார்கள். கதிர்வீச்சு உள்ளதால் அங்கே போர்வை இன்னும் கனமானது. இங்கே சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மேடுகள் திறந்தே நின்றன. எஞ்சிய தங்கத்துக்காக இவற்றை மீண்டும் தோண்டும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது.

மேட்டில் ஏற வேண்டாம்.