கொக்கின் கழுத்தில் ஒரு பொத்தான்

கை சொல்லும் பாடம் – 9

நெட்டப்பாக்கம் கொம்யூனில் முகூர்த்த மாதம் முடிந்தால் வீட்டுக்கு வீடு கல்யாணப் பத்திரிகைகள் மிஞ்சும். நகரும் படம் செய்ய அதைவிட நல்ல அட்டை கிடையாது. சார்ட் தாள் வளைந்துவிடும். புடவைப் பெட்டி அட்டையோ பிள்ளைகளின் கத்தரிக்கோலுக்கு மசியாது.

வேலை எளிதுதான். ஏரிக்கரை, நடுவில் ஒரு கொக்கு. உடம்பை அட்டையில் வரைந்துவிட வேண்டும். தலையும் கழுத்தும் தனித்துண்டு. அது பின்பக்கம் இருக்கும் பட்டையின் நுனியில் ஒட்டப்பட்டு, ஒரு பிளவின் வழியாக முன்னால் எட்டிப் பார்க்கும். பட்டையையும் அட்டையையும் துளையிட்டு ஒரு மூட்டுப் போட்டாயிற்று. பட்டையின் வாலை மேலே தூக்கினால் கொக்கு தண்ணீரைக் கொத்தும். மூட்டிலிருந்து வால் 3 செ.மீ., அலகு 12 செ.மீ. என்றால், வால் 1 செ.மீ. நகரும்போது அலகு 4 செ.மீ. நகரும். நெம்புகோல் என்ற சொல்லைப் பிள்ளை கேள்விப்படுவதற்கு முன்பே அதன் கணக்கு கைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் முதல் கொக்கு பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். காரணம் பிளவு. அதை ஸ்கேல் வைத்து நேர்கோடாக வெட்டத்தான் கை போகும். அலகோ மூட்டைச் சுற்றி வில்லாகத்தான் போகும். மூட்டில் நூலைக் கட்டி, மறுமுனையில் பென்சிலைச் சுழற்றி வளைகோடு போட்டு வெட்டினால் கொக்கு தடையின்றிக் குனியும். எது தப்பு என்பதை டீச்சர் சொல்ல வேண்டியதில்லை, அட்டையே சொல்லிவிடும்.

இன்னும் பெரிய வில்லங்கம் மூட்டு. இங்கிலாந்தில் 2014 முதல் நடைமுறையில் உள்ள பாடத்திட்டம் ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் நெம்புகோல், நழுவுபட்டை, சக்கரம் போன்றவற்றைக் கையாள வேண்டும் என்கிறது. அங்கே மூட்டுக்கு இரண்டு கால் உள்ள பித்தளை ஊசியைக் குத்தி, பின்னால் கால்களை விரித்துவிடுவார்கள். நம் ஊருக்குச் சட்டைப் பொத்தானும் நூலும் போதும். இறுக்கிக் கட்டினால் பட்டை அசையாது, தளர்த்தினால் கொக்கின் தலை தொங்கிப்போகும். கோட்டுக்குப் பொத்தான் தைக்கும் தையல்காரர் அடியில் ஒரு தீக்குச்சியைச் செருகித் தைத்து, பிறகு உருவிவிடுவார். அதே வித்தைதான் இங்கேயும்: குச்சியின் கனம் அளவுக்கு இடம் விட்டால் மூட்டு சரியாக ஆடும்.

தோற்பாவைக் கூத்துக்காரர்களுக்கு இந்த நூல் மூட்டு புதிதல்ல. பாவையின் கை தனித் தோல்துண்டு. தோளில் துளையிட்டு நூலால் முடிந்திருப்பார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஓவியர் லோத்தார் மெக்கன்டார்ஃபர் 1878இல் தன் மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக அசையும் படப் புத்தகம் ஒன்று செய்தார். பின்னாளில் அவர் வெளியிட்ட புத்தகங்களில் ஒரே அட்டை நாவை இழுத்தால் கண், கை, வாய் எல்லாம் சேர்ந்து அசையும். பக்கத்துக்குள் ஒளிந்திருப்பவை அட்டை நெம்புகோல்களும், மெல்லிய செம்புக் கம்பியைச் சுருட்டிச் செய்த மூட்டுகளும். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டம் ஒன்று தொடங்கியது. 1978இல் அங்கே போன பொறியாளர் அரவிந்த் குப்தா கண்டுகொண்டதும் ஒரு மூட்டைத்தான்: தீக்குச்சிகளை இணைக்கச் சைக்கிள் வால்வு டியூப். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது.

நம் பள்ளிகளில் டி.எல்.எம். (கற்பித்தல் துணைக்கருவி) என்ற பெயரில் ஆசிரியர்கள் இராப்பகலாக அட்டை வேலை செய்கிறார்கள். அழகாகத்தான் இருக்கின்றன. பார்வையிட வரும் அதிகாரிக்குக் காட்டிவிட்டு, கிழிந்துவிடும் என்று அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். கிழிந்தால்தான் என்ன? மூட்டு எங்கே போட வேண்டும் என்பது கிழித்த கைக்குத்தான் தெரியும்.

கொக்கு கைகூடிய ஐந்தாம் வகுப்புக்கு அடுத்த படி, மாஸ்கோ அருகிலுள்ள பகோரோத்ஸ்கொயே கிராமத்து மரப்பொம்மை. கரடியும் மனிதனும் மாறி மாறிச் சம்மட்டி அடிப்பார்கள். இணையாக இரண்டு பட்டைகள், ஒவ்வொரு உருவத்துக்கும் இரண்டு மூட்டு, ஆக மொத்தம் நான்கு. பட்டைகளை எதிரெதிராக இழுத்தால் ஒருவர் குனிய மற்றவர் நிமிர்வார். கரடிக்குப் பதில் எதிரெதிரே இரண்டு கோழிகளை வைத்தால் நம் களத்துமேடு வந்துவிடும். மேல் பட்டையில் துளைக்குத் துளை 8 செ.மீ. என்றால் கீழ்ப் பட்டையிலும் அதே 8 இருக்க வேண்டும், இல்லையென்றால் சிக்கும். இரண்டு பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே குத்தில் துளைபோடும் பிள்ளைக்கு ஸ்கேலும் வேண்டாம்.