பொரளையில் ஒரு சுவர்



கலை எதற்கு என்ற கேள்வி நம்மிடையே இரண்டு விதமாகக் கேட்கப்படுகிறது. இலக்கியக் கூட்டங்களில், "கலை கலைக்காகவா, மக்களுக்காகவா?" என்று கேட்பார்கள். பெற்றோர் இன்னும் நேராக, "அது சோறு போடுமா?" என்று கேட்பார்கள். பாடசாலையில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இரண்டாவது கேள்வியே அதிகம் பழக்கம். நன்றாகக் கவிதை எழுதும் பிள்ளை உயர்தர வகுப்புக்கு வந்ததும் கவிதைக் கொப்பியை மூடிவைத்துவிட்டு ரியூஷன் வகுப்புகளுக்கு ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலும் அந்தக் கொப்பி மறுபடி திறக்கப்படுவதில்லை. எனவே இந்தக் கேள்விக்குப் பொதுப்படையான பதில் போதாது. நமக்குப் பக்கத்தில், பொரளையில் உள்ள ஒரு சுவரை முன்வைத்துப் பதில் தேடலாம் என எண்ணுகிறேன்.

பொரளை என்றதும் தமிழர் மனத்தில் எழுவது 1983 ஜூலை மாதமே. அம்மாதம் 24ஆம் திகதி இரவு கனத்தை மயானத்தை அண்டித் தொடங்கிய வன்முறை, மறுநாள் கொழும்பு நகரெங்கும் பரவியது. அதே பொரளையில்தான் கோதமி விகாரையும் இருக்கிறது. அதன் சுவர்களில் ஓவியர் ஜோர்ஜ் கீட், 1939-40 ஆண்டுகளில் புத்தரின் வாழ்க்கை நிகழ்ச்சிகளைத் தீட்டியிருக்கிறார். அந்தப் பக்கமாகப் பல ஆண்டுகள் பஸ்ஸில் போய்வந்தும் அவற்றைப் பார்க்காதவர்கள் நம்மிடையே பலர்.

அந்த ஓவியங்களில் நிறத்தைவிடக் கோடே முதலில் நம் கண்ணை இழுக்கிறது. தோளில் தொடங்கும் கோடு தயங்காமல் கைவழி இறங்கி விரல் நுனியில் முடிகிறது. மாரன் புத்தரைச் சோதிக்கும் காட்சியில் கோடுகள் எல்லாம் அலைபோல் மோத, நடுவிலிருப்பவர் அசையாதிருக்கிறார். அஜந்தாவையும் சிகிரியாவையும் கற்றவர் கீட். பிக்காசோ முதலிய ஐரோப்பிய நவீன ஓவியர்களையும் அறிந்தவர். இரண்டையும் உட்கொண்டு தனக்கென ஒரு கோட்டை உண்டாக்கிக்கொண்டார்.

இவர் யார் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். 1901இல் கண்டியில் ஒரு பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்தவர். புத்தர் கதை அவருக்குப் பிறப்பால் வந்த சொத்தன்று. மல்வத்தை விகாரைத் துறவிகளோடு பழகி, நூல்களைத் தேடிப் படித்து, அதைத் தமதாக்கிக்கொண்டார். அதேபோல் ஜெயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தாமே படங்களும் வரைந்தார். கண்ணனும் ராதையும் அவர் ஓவியங்களில் மீண்டும் மீண்டும் வருகிறார்கள்.

இனிக் கசப்பான கேள்விக்கு வருவோம். இத்தகைய சுவர் ஒன்று பொரளையில் இருந்தும் 1983இல் நடந்ததை அது தடுத்ததா? இல்லை. கலை தீயை அணைக்கும் தண்ணீரன்று. அப்படி வாக்களிப்பவர்களை நம்ப வேண்டியதில்லை. அப்படியானால் அதன் பயன் என்ன? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது எம். ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதினார். அக்கவிதையில் கொல்லப்படுபவர் புத்தரே. எரித்தவர்களிடமிருந்து புத்தரைப் பிரித்தெடுத்து, இழப்பின் பக்கத்தில் கிடத்திவிட்டார் கவிஞர். கோபம் மட்டும் கொண்ட ஒருவருக்கு இந்தப் பார்வை எளிதில் கிட்டாது.

ஒரு பறங்கிய ஓவியர், ஒரு முஸ்லிம் கவிஞர். இருவரும் பிறப்பால் தம்முடையதல்லாத ஒன்றை உற்றுப் பார்த்திருக்கிறார்கள். கலையின் பயன் இந்த உற்றுப் பார்க்கும் பழக்கமே என்பது என் கருத்து. அது படைப்பவனுக்கு முதலில் கிடைக்கிறது. பின்னர் பார்ப்பவனுக்கும் படிப்பவனுக்கும் தொற்றுகிறது. ஒருவரை இன்ன இனத்தவர் என்று மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இதைவிடச் சிறந்த மருந்து ஒன்றை நான் அறியேன்.

இந்தப் பழக்கத்தை எவ்வாறு வளர்த்துக்கொள்வது? என் மாணவர்களுக்குச் சொல்லிவருவனவற்றை இங்கே சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, பார்த்து எழுதிப் பழகுதல். கீட்டின் காலத்தவரான எல். டி. பி. மஞ்சுஸ்ரீ முன்பு துறவியாக இருந்தவர். நாடெங்குமுள்ள விகாரைகளுக்குச் சென்று பழைய சுவரோவியங்களைப் பல ஆண்டுகள் பிரதி செய்தார். அந்த உழைப்பே அவர் கையைப் பழக்கியது. எழுத விரும்புபவர் தமக்குப் பிடித்த ஒரு சிறுகதையை முழுவதும் கையால் எழுதிப் பார்க்கட்டும். ஆசிரியர் எங்கே வசனத்தை முடிக்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பது வாசிக்கும்போது புலப்படாது. கை எழுதும்போதே புலப்படும்.

இரண்டாவது, தொழிலையும் வயதையும் காரணம் காட்டாதிருத்தல். கீட் தீவிரமாக ஓவியம் வரையத் தொடங்கியது ஏறக்குறைய 26 வயதில். கோதமி விகாரையில் தூரிகை எடுத்தபோது வயது 38. அவருடைய நண்பர் ஜோர்ஜ் கிளாஸன் கொழும்புத் துறைமுகத்தில் வரைபடங்கள் வரையும் உத்தியோகம் பார்த்தவர். நம் கவிஞர் மஹாகவியும் அரசாங்க எழுதுவினைஞராக வாழ்க்கையைத் தொடங்கியவரே. சோற்றை உத்தியோகம் போட்டது. கலையை அவர்கள் மிச்ச நேரத்தில் காப்பாற்றினார்கள். தினமும் அரைமணி நேரம், ஒரே இடம், ஒரே நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் எழுதலாம் என்று ஒத்திவைப்பவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. பெற்றோரிடமும் இதையே கேட்கிறேன்: பரீட்சைக் காலத்திலும் அந்த அரைமணி நேரத்தைப் பிள்ளையிடமிருந்து பறிக்காதீர்கள்.

மூன்றாவது, எல்லை வகுத்துக்கொள்ளுதல். சுவருக்கு நீளமும் உயரமும் உண்டு. ஓவியன் அதற்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். "வாழ்க்கையைப் பற்றி எழுதப்போகிறேன்" என்று தொடங்குபவர் இரண்டாம் பக்கத்தில் நின்றுவிடுவார். கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கை, அதில் ஒரு வீடு, அந்த வீட்டில் ஒரு மாலை நேரம் என்று எடுத்துக்கொண்டால் எழுதி முடிக்கலாம். முடிக்கப்பட்ட சிறிய கதை ஒன்று, பாதியில் நிற்கும் நாவலைவிட அதிகம் கற்பிக்கும்.

நான்காவது, துணை தேடுதல். 1943 ஆகஸ்டில் லயனல் வென்ட் முதலியோர் கூடி '43 குழு'வை அமைத்தனர். கீட், மஞ்சுஸ்ரீ, கிளாஸன், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ் எனப் பலர் அதில் இருந்தனர். ஒருவர் பாணி மற்றவருக்கு வராது; ஆயினும் சேர்ந்தே கண்காட்சி வைத்தனர். அதற்கு முன்னர், 1929இல் சிலி நாட்டுத் தூதரக அலுவலராக இங்கு வந்து வெள்ளவத்தையில் கடலோரம் குடியிருந்த கவிஞர் பாப்லோ நெருடாவும் வென்ட்டுக்கும் கீட்டுக்கும் நண்பராயிருந்தார். நீங்களும் நாலு பேர் மாதம் ஒருமுறை கூடுங்கள். ஒருவர் தம் படைப்பை உரக்க வாசிக்கட்டும். கேட்பவர்கள் "நன்று" என்று சொல்லி நிறுத்தாமல், தங்கள் கவனம் எந்த இடத்தில் தளர்ந்தது என்பதை மட்டும் சொல்லட்டும். அதைவிடப் பயனுள்ள விமர்சனம் தொடக்கநிலையில் வேறில்லை.

ஐந்தாவது, ஆறப்போடுதல். எழுதியதை இரண்டு கிழமை மேசைக்குள் வைத்துவிட்டு, பிறகு அந்நியர் ஒருவர் எழுதியதைப்போல எடுத்துப் படியுங்கள். நீக்கினாலும் பொருள் கெடாத சொற்கள் அப்போது தாமாகத் தெரியும். அவற்றை இரக்கமின்றி வெட்டுங்கள்.

இத்தனையும் செய்த பின்னும் புகழ் வராதிருக்கலாம். படைப்பே நிலைக்காமலும் போகலாம். யாழ்ப்பாணத்து ஓவிய ஆசிரியர் அ. மாற்குவின் ஓவியங்கள் பலவற்றைப் போரும் இடப்பெயர்வும் கொண்டுபோயின. ஆனால் அவரிடம் பார்க்கக் கற்ற மாணவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குள்ளும் வரையும் கைகள் தோன்றின. சுவர் விழுந்தாலும் பழக்கம் கைமாறுகிறது.

கொழும்பில் இருக்கும் நேயர்களுக்கு ஒரு பயிற்சி சொல்லி முடிக்கிறேன். ஓய்வான ஒருநாள் கோதமி விகாரைக்குச் செல்லுங்கள். அது வழிபாட்டுத் தலம். செருப்பைக் கழற்றி, அங்குள்ளவர்களிடம் அனுமதி கேட்டு உள்ளே போங்கள். எல்லா ஓவியங்களையும் பார்த்துவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். ஒரே ஓவியத்தின்முன் கால்மணி நேரம் இருந்து, ஒரு கோட்டை அது தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை கண்ணால் தொடருங்கள். வீடு திரும்பியதும் அதைப் பற்றிப் பத்து வசனம் எழுதுங்கள். 'அழகு' என்ற சொல்லை மட்டும் அந்தப் பத்து வசனத்திலும் பாவிக்காதீர்கள்.