எண்ணிலிருந்து இசைக்கு: நாமே அமைக்கும் வடிகட்டி

தில்லியில் லஜபத்ராய் மார்க்கெட்டிலும், மும்பையில் லாமிங்டன் சாலையிலும், பெங்களூரில் எஸ். பி. சாலையிலும் மின்னணு உறுப்புகளைத் தேடி வாங்கி, விடுமுறை நாளில் வீட்டு மேசையிலேயே இசைக் கருவி அமைத்துக்கொள்ளும் அன்பர்கள் நம்மவரிடையே பலர் உளர். கணிப்பொறியில் எண்களாகச் சேமித்த இசையை மின்னழுத்தமாக மாற்றித் தரும் கருவியை இவர்கள் விரும்பிச் செய்கின்றனர். கடைவீதியில் அதற்கு 'டாக்' என்று பெயர். நாம் இங்கு மாற்றி என்றே சொல்லுவோம். விலையுயர்ந்த சில்லை வாங்கிவிட்டால் இசை தானே சிறந்துவிடும் என்பது பலரது எண்ணம். அச்சில்லுக்கு முன்னே நிற்கும் எண் வடிகட்டியை நாமே வகுத்துக்கொள்ளலாம் என்பதும், அதற்குக் காசு செலவில்லை என்பதும் சிலருக்கே தெரியும்.

வடிகட்டி எதற்கு? குறுந்தகட்டில் ஒரு வினாடி இசை ஒவ்வொரு தடத்துக்கும் 44,100 மாதிரிகளாகப் பதிவாகிறது. ஒவ்வொரு மாதிரியும் 65,536 படிகளுள் ஒன்று. மாதிரி எண்ணிக்கையில் பாதிக்கு, அதாவது 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட அதிர்வுகள் மட்டுமே மூல இசையில் இருக்குமாயின், அதை இம்மாதிரிகளிலிருந்து குறையின்றி மீட்கலாம் என்று ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். ஆனால் எண்களை அப்படியே மின்னழுத்தப் படிகளாக்கினால் இசையோடு அதன் நிழல்களும் வந்து சேரும். 1,000 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு 43,100-இலும் 45,100-இலும் நிழல் விழும். 20,000 ஹெர்ட்ஸ் சுரத்துக்கோ 24,100-இலேயே விழுந்துவிடும். காக்க வேண்டியதற்கும் நீக்க வேண்டியதற்கும் இடைவெளி 4,100 ஹெர்ட்ஸ்தான்! நிழல் செவிக்கு எட்டாது. எனினும் பெருக்கியினுள் புகுந்து, பிற அதிர்வுகளோடு கலந்து, கேட்கக்கூடிய கறையை உண்டாக்க வல்லது.

இத்துணைக் குறுகிய இடைவெளியில் சுருள்களையும் மின்தேக்கிகளையும் கொண்டு செங்குத்தாக வெட்டுவது கடினம். 1982-இல் விற்பனைக்கு வந்த சோனியின் முதற் குறுந்தகட்டுக் கருவி அவ்வழியையே மேற்கொண்டது. பிலிப்ஸ் நிறுவனத்தார் வேறு வழி கண்டனர். மாதிரி எண்ணிக்கையை நான்கு மடங்காக, வினாடிக்கு 176,400 ஆகப் பெருக்கி, வடிகட்டும் பணியை எண்கணிதத்திடமே ஒப்படைத்தனர். இன்று எட்டு மடங்கு வழக்கமாகிவிட்டது. ஈரெண்களுக்கிடையே ஏழு சுழிகளைச் செருகி, வரும் வரிசையை வடிகட்டினால், சுழிகள் இருந்த இடத்தில் பொருத்தமான இடைமதிப்புகள் வந்து அமரும். எஞ்சும் நிழல் 352,800-ஐ ஒட்டித் தொலைவில் நிற்பதால், அதனை நீக்கச் சிறிய மின்தடையும் மின்தேக்கியுமே போதும்.

வடிகட்டி என்றவுடன் டிக்காஷன் இறங்கும் பித்தளைப் பில்டர் நம் நினைவுக்கு வருமாயின் வியப்பில்லை. அதில் துளைகள், இதில் குணகங்கள். அண்மையில் வந்த மாதிரிகள் ஒவ்வொன்றையும் அதற்குரிய குணகத்தால் பெருக்கிக் கூட்டினால் ஒரு வெளியீட்டெண் கிடைக்கும். வேலை இவ்வளவே. எந்தக் குணகங்கள் என்பதில்தான் வடிவமைப்பாளரின் விருப்பும் வெறுப்பும் அடங்கியுள்ளன.

இலட்சிய வடிகட்டியின் குணகங்கள் நடுவே உயர்ந்து, இருபுறமும் அலையலையாகத் தேய்ந்து, முடிவின்றி நீள்வன. முடிவற்றதை நாம் கணக்கிட இயலாது, வெட்டியாக வேண்டும். வெடுக்கென வெட்டினாலோ, எத்தனை ஆயிரம் குணகங்கள் வைத்தாலும், வெட்டுமுனையை அடுத்து நிழல் ஏறத்தாழ 21 டெசிபல் மட்டுமே தணியும். ஆகவே ஓரங்களை மெல்லத் தேய்த்து முடிக்கும் ஒரு சாளரத்தால் அவ்வரிசையைப் பெருக்குகிறோம். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கைசர் வகுத்த சாளரம் இதற்கு மிக ஏற்றது. எத்தனை குணகம் தேவை என்பதையும் அவர் சூத்திரம் முன்கூட்டியே சொல்லிவிடும். நம் கணக்கையே பார்ப்போம். எட்டு மடங்கில், 20,000-க்கும் 24,100-க்கும் இடையே வெட்டி, நிழலை 100 டெசிபல், அதாவது இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்க ஏறத்தாழ 550 குணகங்கள் வேண்டும். 22,050-க்குள்ளேயே வெட்டி முடிக்க விரும்பினால் 1,100 ஆகும். செருகிய சுழிகளைப் பெருக்க வேண்டாமாதலால், 550 குணகங்களுக்கு ஒரு வெளியீட்டெண்ணுக்குச் சுமார் 69 பெருக்கல்களே தேவை. வினாடிக்கு ஒரு தடத்துக்கு இரண்டரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. மனிதனுக்கு மலைப்பான தொகை. இக்காலச் சிறு செயலிக்கு எளிது.

இனி, அன்பர்கள் ஓயாது வாதிடும் விஷயம். இருபுறமும் ஒத்த குணகங்கள் எல்லா அதிர்வுகளையும் சமமாகத் தாமதிக்கும். மேற்சொன்ன வடிகட்டியில் அத்தாமதம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் மிருதங்கத்தில் ஓர் அடி விழுமுன்னரே மெல்லிய சிற்றலை ஒன்று எழும் என்பது குற்றச்சாட்டு. குணகங்களை மாற்றியமைத்துச் சிற்றலை முழுவதையும் அடிக்குப் பின்னே தள்ளலாம். அப்போது உச்ச அதிர்வுகளின் தாமதம் சமமாக இராது. நம் கருத்து வருமாறு: அச்சிற்றலையின் அதிர்வு 22,000 ஹெர்ட்ஸை ஒட்டியது. நாற்பதைக் கடந்த செவிகள் பெரும்பாலானவற்றுக்கு 15,000-க்கு மேற்பட்டது எட்டுவதே அரிது. சிற்றலைக்கு அஞ்சி, மெல்லச் சரியும் வடிகட்டியை வைத்து, ஜால்ராவின் மினுக்கத்தை மங்கவிட்டு நிழலையும் உள்ளே விடுவது நல்ல வியாபாரமாகத் தோன்றவில்லை. எனினும் இரண்டையும் அமைத்துக் கேட்டுப் பார்க்கும் உரிமை, சொந்தமாகச் செய்பவருக்கே உண்டு.

இதனினும் பெரிதாகக் கருத வேண்டியது வேறொன்று. அதையே பலர் மறக்கின்றனர். பதிவான மாதிரிகள் உச்ச எல்லைக்குள் இருந்தாலும், அவற்றினிடையே செல்லும் உண்மை அலை எல்லையைத் தாண்டக்கூடும். 11,025 ஹெர்ட்ஸ் சுரத்தின் மாதிரிகள் அலையின் தோள்களில் மட்டும் விழுந்தால், முகடு அவற்றைவிட 3 டெசிபல் உயர்ந்திருக்கும். இடமில்லாத கணக்கில் மிகை நேர் எண் எதிர் எண்ணாகப் புரண்டு, வெடிப்பொலியாய் வெளிவரும். ஆகவே குணகங்களின் கூட்டுத்தொகையை எட்டு என வையாமல், சுமார் 5.6 ஆகக் குறைத்துவிட வேண்டும். எல்லையை மீறும் எண் புரளாமல் எல்லையிலேயே நிற்கவும் நிரலில் ஏற்பாடு செய்ய வேண்டும்.

குணகங்களைக் கணக்கிட 'ஆக்டேவ்' போன்ற விலையில்லா நிரல்களே போதும். கணக்கிட்டதை ஏற்கும் சில்லைத் தேர்வதே அடுத்த வேலை. பி.சி.எம். 1792 சில்லில் உள்வடிகட்டியை விலக்கிவிட்டு, வெளியே வடித்த எண்களை நேரே செலுத்தலாம். இ.எஸ். 9018 சில்லோ நம் குணகங்களைத் தன்னுள்ளேயே ஏற்றுக்கொள்ளும். ஆனால் இடம் அளவானது.

கருவியை முதன்முதல் இயக்கும் நாளில் ஒலிபெருக்கியை இணைத்தல் கூடாது. காதில் மாட்டும் கருவியையும் கூடாது. எண் வரிசையில் ஒரு பிழை இருந்தால் முழு வலிமையோடு இரைச்சல் எழும். ட்வீட்டரின் மெல்லிய சுருள் நொடியில் கருகலாம்; செவிக்கும் ஊறு நேரும். முதலில் ஒரே ஒரு மாதிரியை மட்டும் தந்து, மற்றெல்லாம் சுழியாக விடுக. வெளியீட்டில் நம் குணகங்களே வரிசை பிறழாது தோன்ற வேண்டும். அடுத்து 1,000 ஹெர்ட்ஸ், பின் 20,000. 24,100-இல் நிழல் எழுகிறதா என்று அலைகாட்டியிலோ கணிப்பொறியின் ஒலிப்பதிவு வாயிலிலோ நோக்குக. கடைசியாக 11,025 ஹெர்ட்ஸை உச்ச வலிமையில் தந்து, முகடு புரளாதிருப்பதைக் கண்டபின், ஒலியளவைக் குறைத்து வைத்துப் பழைய ஒலிபெருக்கி ஒன்றை இணைக்கலாம்.