ஊசிக்கு முன்னால் ஒரு இன்ச் டேப்

ஆக்லாந்தில் நம்ம ஆள் ஒருத்தர் பத்து கிலோ குறைந்து ஒரு விசேஷத்துக்கு வந்தால், அவரை இரண்டு கேள்விகள் துரத்தும். பெரியவர்கள் சத்தமாகவே கேட்பார்கள்: "என்னப்பா இளைச்சுட்டே, சுகர் வந்துடுச்சா?" இளவட்டம் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு கேட்கும்: "ஊசியா?" இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். "சேச்சே, சும்மா வாக்கிங் போறேன்."

பூசினாப்ல இருந்தால் சௌக்கியம், இளைத்தால் நோய் என்று வளர்ந்த சமூகம் நாம். இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மருந்து எடுத்து இளைப்பது ஏதோ குறுக்கு வழி, வாயைக் கட்ட முடியாதவர்கள் செய்வது என்ற ஏளனம். அதனால் எடுப்பவர்கள் மறைக்கிறார்கள், எடுக்க வேண்டியவர்கள் தயங்குகிறார்கள். நான் டாக்டர் இல்லை. இருபது வருஷமாக இந்த ஊரில் இருப்பவள், அவ்வளவுதான். ஆனால் இந்த மௌனத்துக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

500 டாலர் கணக்கு

2025 ஜூலை 1-ஆம் தேதி வெகோவி ஊசி நியூசிலாந்தில் விற்பனைக்கு வந்தது. செமாகுளுடைட் என்ற மருந்து அது. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போல வேலை செய்து, பசியைக் குறைத்து, வயிறு நிறைந்த உணர்வை நீட்டிக்கிறது. வாரத்துக்கு ஒரு ஊசி. 0.25 மில்லிகிராமில் தொடங்கி, 16 வாரங்களில் படிப்படியாக 2.4 மில்லிகிராமுக்கு ஏற்றுவார்கள். பார்மாக் மானியம் இல்லாமல் அறிமுகமானதால் மாதத்துக்குச் சுமார் 500 டாலர் கைக்காசு. வருஷத்துக்கு 6,000. வீட்டுக் கடனும் குழந்தைகளின் ஃபீஸும் கட்டும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

பலன் உண்டா என்றால், நிச்சயம் உண்டு. 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் சுமார் 2,000 பேர் கலந்துகொண்டார்கள். 68 வாரங்களில் ஊசி போட்டவர்களுக்குச் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம்தான். இரு பக்கத்தாருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை ஒன்றுதான். இதிலிருந்தே ஒன்று புரியும்: பசி என்பது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை, உடம்பின் ரசாயனமும் அதில் இருக்கிறது. "வாயைக் கட்டு" என்று அறிவுரை சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆனால் அதே ஆய்வின் தொடர்ச்சி இன்னொன்றையும் சொல்கிறது. ஊசியை நிறுத்தி ஒரு வருஷத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ஆகவே இது கல்யாணத்துக்கு முன் ஆறு மாசம் போட்டுவிட்டு நிறுத்தும் சமாச்சாரம் இல்லை. பிரஷர் மாத்திரை மாதிரி நீண்ட காலத்துக்கு. 500 டாலரை எண்ணும்போது எத்தனை மாசம் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

தராசு காட்டாத கொழுப்பு

இந்த ஊசிக்குப் பி.எம்.ஐ. 30 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 27-க்கு மேல் இருந்து, கூடவே பிரஷர், சர்க்கரை போல எடை சார்ந்த ஒரு பிரச்சினையாவது இருக்க வேண்டும். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் அந்த எண்ணில்தான் நமக்குச் சிக்கல்.

2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் பிரிட்டனின் ஜான் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். தராசு இருவரையும் ஒன்றாகக் காட்டியது. உடம்பின் உள்கணக்கு வேறாக இருந்தது.

அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 23-லிருந்தே கவனம் தேவை, 27.5-இல் ஆபத்து அதிகம் என்று சொன்னது. இந்திய மருத்துவர்கள் 2009-இலேயே 25-ஐத் தாண்டினால் உடல்பருமன் என்று வரையறுத்துவிட்டார்கள். நியூசிலாந்து சுகாதாரக் கணக்கெடுப்போ எல்லா இனத்தவருக்கும் 30 என்ற ஒரே கோட்டைத்தான் வைத்திருக்கிறது. சென்னையில் 'ஒபீஸ்' என்று எழுதப்படும் அதே மனிதர், ஆக்லாந்தில் 'கொஞ்சம் ஓவர்வெயிட்' ஆகி வீட்டுக்கு அனுப்பப்படலாம்.

நம் உடம்பின் கதையைச் சென்னையே எண்களில் சொல்லியிருக்கிறது. மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் தலைமையில் நடந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்றது. பி.எம்.ஐ. கணக்கில் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுக் கொழுப்பு உள்ளவர்கள் 39.5 சதவீதம் என்றும் சொன்னது. கை கால் ஒல்லி, நடுவில் தொப்பை. நம் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினாலே தெரியுமே!

அதனால்தான் சொல்கிறேன், ஊசியைப் பற்றி யோசிக்கும் முன் தையல் பெட்டியில் இருக்கும் இன்ச் டேப்பை எடுங்கள். தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் பேண்ட் சைஸை மாற்றுவதோடு நிற்காமல் ஜி.பி.யிடம் போக வேண்டும்.

நமக்காகவே இருக்கும் ஒரு கதவு

எடைக் கோட்டில் நம்மைத் தனியாகப் பார்க்காத இந்த நாடு, இதய விஷயத்தில் பார்த்திருக்கிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாது. 2018-ஆம் ஆண்டு நியூசிலாந்து வழிகாட்டுதலின்படி, இதயநோய் அபாயக் கணிப்பு பொதுவாக ஆண்களுக்கு 45 வயதிலும் பெண்களுக்கு 55 வயதிலும் தொடங்கும். மாவோரி, பசிபிக், தெற்காசிய மக்களுக்கு ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 40. அதாவது நமக்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே! கொலஸ்ட்ரால், பிரஷர், சர்க்கரை எல்லாம் அந்தக் கணக்கில் வரும். முப்பது வயது ஐ.டி. பையன் தனக்கு இதெல்லாம் எதுக்கு என்று நினைப்பான். கேட்க உரிமை இருக்கிறது தம்பி, கேள்.

சர்க்கரை எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. ஊரில் மூன்று மாத சராசரியை 6.7 என்று சதவீதத்தில் சொல்வார்கள். இங்கே அதுவே 50. நியூசிலாந்தில் 41 முதல் 49 வரை எல்லைக்கோடு, 50-லிருந்து சர்க்கரை நோய். ஊரில் இருக்கும் அண்ணனின் எண்ணையும் உங்கள் எண்ணையும் நேராக ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பவர்கள் மாதம் 500 டாலரை எடுத்து வைக்கும் முன், பார்மாக் மானியத்தில் கிடைக்கும் எம்பாகுளிஃப்ளோசின், டுலாகுளுடைட், லிராகுளுடைட் தனக்குப் பொருந்துமா என்று கேட்க வேண்டும். இவற்றாலும் ஓரளவு எடை குறையும். அதற்கான விதிகளில் மாவோரி, பசிபிக் இனம் தனித் தகுதியாக இருக்கிறது, தெற்காசியர் இல்லை. அவர்களுக்கு அது தேவையான நியாயம், அதில் பொறாமைக்கு இடமில்லை. இதயநோய், சர்க்கரையால் வந்த சிறுநீரகப் பாதிப்பு, ஐந்தாண்டு இதய அபாயம் 15 சதவீதத்துக்கு மேல் ஆகிய வழிகள் நமக்கும் திறந்திருக்கின்றன. அந்த 15 சதவீதத்தைக் கண்டுபிடிக்கவும் மேலே சொன்ன கணிப்புதான் வேண்டும்.

மறைத்தால் வரும் வினை

"சென்னையில விலை கம்மி, வரும்போது வாங்கிட்டு வாயேன்" என்று கேட்பது சகஜமாகிவிட்டது. உங்கள் பேரில் பிரிஸ்கிரிப்ஷன் இருந்தால் மூன்று மாத அளவுக்கு நீங்களே கையோடு கொண்டு வரலாம். அடுத்தவருக்காகப் பெட்டியில் வைத்துக் கொண்டு வருவது வேறு விஷயம். திறக்காத பேனாக்களை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக வரும் நீண்ட பயணத்தில் அந்தக் குளிர்ச்சிக்கு யார் பொறுப்பு? போலி செமாகுளுடைட் பற்றி 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

டாக்டரிடம் மறைப்பது இதைவிட ஆபத்து. கிளிக்ளசைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்த ஊசியையும் போட்டுக்கொண்டு சஷ்டி விரதம் இருந்தால், சர்க்கரை தாழ்நிலைக்குப் போய் மயங்கி விழலாம். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் இரைப்பையில் உணவு வழக்கத்தைவிட அதிக நேரம் தங்கியிருக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

பசி குறையும்போது தட்டில் இருப்பதும் மாற வேண்டும். கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். இரண்டு இட்லியும் காபியும் குடித்து "வயிறு நிறைஞ்சுடுச்சு" என்று எழுந்தால் உடம்பு தளர்ந்துவிடும். பருப்பு, முட்டை, மீன், தயிர் முதலில், சோறு அப்புறம். கூடவே கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சி.

ஊசி எல்லோருக்கும் வேண்டாம், சிலருக்குக் கட்டாயம் வேண்டும். அது யார் என்பதை விசேஷ வீட்டுப் பந்தியில் முடிவு செய்ய முடியாது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அப்பா அம்மாவை ஜி.பி.யிடம் கூட்டிப்போய் மொழிபெயர்ப்பது பெரும்பாலும் நீங்கள்தான். அடுத்த தடவை இடுப்பளவையும் சொல்லுங்கள், இதய அபாயக் கணிப்பு செய்தாயிற்றா என்றும் கேளுங்கள். கேட்டு முடித்ததும், உங்களுக்கும் முப்பது ஆகிவிட்டது என்றால், அதே நாற்காலியில் நீங்களும் உட்காருங்கள்.