பெனின் வார்ப்புகள்

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரிய நாட்டின் தென்பகுதியில் எடோ மக்களின் பெனின் அரசு தழைத்திருந்தது. (பெனின் என்னும் பெயரில் இன்றுள்ள நாடு வேறு.) அதன் மன்னர் ‘ஓபா’ எனப்பட்டார். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஓபாவின் அரண்மனைத் தூண்களைப் புடைப்புச் சிற்பத் தகடுகள் அணிசெய்தன. மன்னர், வீரர், இசைவாணர், போர்ச்சுகீசிய வணிகர் ஆகியோர் அவற்றில் உயிர்ப்புடன் நிற்கின்றனர். ‘பெனின் வெண்கலங்கள்’ என்று உலகம் இவற்றை அழைத்தாலும் பெரும்பாலானவை பித்தளையே.

இவற்றை வார்த்தவர்கள் இகுன் தெருவில் வாழ்ந்த கைவினைஞர் குழுவினர். தந்தையிடமிருந்து மைந்தன் கற்ற தொழில் அது. மன்னர்தம் நினைவுத் தலைகளை வார்க்கும்போது முதலில் களிமண்ணால் கரு அமைத்து, அதன்மேல் மெழுகைப் பூசி, கண்ணிமை முதல் கழுத்துப் பவளமாலை வரை மெழுகிலேயே செதுக்குவர். அதன்மீது நுண்மண்ணைப் பல அடுக்காகப் பூசிச் சுடுவர். மெழுகு உருகி வழிந்தோட, அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். அச்சு உடைக்கப்பட்ட பின்னரே உருவம் வெளிப்படும். பிழை நேர்ந்திருப்பின் முழு உழைப்பும் வீணே. நம் சுவாமிமலைச் சிற்பிகளும் மெழுகு வார்ப்பு முறையையே கையாள்கின்றனர். அங்குப் பெரிதும் கனவார்ப்பு. பெனின் தலைகளோ உட்பொள்ளலானவை. பழைமையான சில தலைகளின் சுவர் சில மில்லிமீட்டர் தடிப்பே உடையது. ஒரே அளவில் உலோகம் பரவ வேண்டுமாயின் மெழுகும் ஒரே அளவில் பரவியிருத்தல் வேண்டும். இதுவே இக்கலையின் அருமை.

உலோகம் வந்த வழி மனத்தை உறுத்துவது. ஐரோப்பிய வணிகர் ‘மனில்லா’ என்னும் லாட வடிவ வளையங்களைப் பணமாகக் கொணர்ந்தனர். அடிமை வணிகத்திலும் அவை கைமாறின. அவ்வளையங்களை உருக்கியே பல வார்ப்புகள் உருவாயின. அவற்றின் உலோகம் ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பகுதியைச் சார்ந்தது என 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

1897 ஜனவரியில் பெனினை நோக்கிச் சென்ற ஆங்கிலேயக் குழுவொன்று தாக்கப்பட்டது. அதனைக் காரணமாகக் கொண்டு பிப்ரவரியில் ஆங்கிலப் படை நகரைக் கைப்பற்றியது. அரண்மனை சூறையாடப்பட்டது. ஓபா ஓவோன்ராம்வென் கலபார் நகருக்கு நாடு கடத்தப்பட்டு, 1914இல் அங்கேயே மறைந்தார். ஆயிரக்கணக்கான பொருள்கள் ஐரோப்பாவுக்குச் சென்று விற்கப்பட்டன. ஆப்பிரிக்கர் இத்தகைய கலையைப் படைத்திருக்க இயலாது என அன்று சிலர் கூசாமல் எழுதினர். பெர்லின் அருங்காட்சியகத்தின் ஃபெலிக்ஸ் வான் லூஷான், ஐரோப்பாவின் தலைசிறந்த வார்ப்புகளுக்கு இவை நிகர் என்று கூறி அதனை மறுத்தார். எந்தத் தகடு எந்தத் தூணில், எவ்வரிசையில் இருந்தது என்பதை இன்று அறிவார் இலர். ஓர் அரசின் வரலாற்று ஏடுகள் கட்டவிழ்ந்து கலைந்துவிட்டன.

பிரித்தானிய அருங்காட்சியகத்தில் மட்டும் ஏறத்தாழ 900 பெனின் பொருள்கள் உள்ளன. 1963ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைத் திருப்பியளிக்கத் தடையாக உள்ளது என்பது அந்நிறுவனத்தின் விளக்கம். ஜெர்மனி 2022இல் ஒரு பகுதியையும், நெதர்லாந்து 2025இல் 119 பொருள்களையும் நைஜீரியாவிடம் ஒப்படைத்தன. மீண்டு வருபவை ஓபாவின் உடைமையா, நாட்டின் பொதுச்சொத்தா என்னும் வழக்கு அங்கும் எழுந்தது. 2023இல் நைஜீரியக் குடியரசுத் தலைவர் அவை ஓபாவுக்கே உரியவை என அறிவித்தார்.

அரசன்னை இடியாவின் தந்த முகமூடியும் லண்டனிலேயே உள்ளது. போர்ச்சுகீசியர் முகங்கள் அதன் முடியில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. 1977இல் லாகோஸ் நகரில் நடைபெற்ற ஆப்பிரிக்கக் கலைவிழாவின் சின்னமாக அம்முகமே தேர்ந்தெடுக்கப்பட்டது. விழாவுக்கு மட்டுமேனும் அது தாயகம் வரவேண்டும் என நைஜீரியா வேண்டியது, லண்டன் இசையவில்லை. விழாவுக்கென அதன் படியொன்றை எடோ கைவினைஞரே புதிதாகச் செதுக்கினர்.